எங்கம்மா கண்ணுக்கு எத்தனை இஞ்சு?

ஒரு 43 இஞ்சு டிவி என்பது எங்க கணக்குல 25 மூட்டை நெல். கொள்முதல் நிலையத்துல 2025-26 பருவத்துல சாதா ரகத்துக்கு குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545. மூட்டைக்கு 40 கிலோ. ஆக, மூட்டை ஆயிரம் ரூபாய்னு வச்சுக்கோங்க. கார் அறுப்புல எனக்கு ஏக்கருக்கு அறுபது மூட்டைக்குக் கொஞ்சம் கீழே கண்டது. உழவு, நடவு, உரம், களை, அறுப்பு மிஷின், வண்டி வாடகை எல்லாம் போக ஒரு ஏக்கர்ல கையில நின்னது ஏறக்குறைய அந்த 25 மூட்டைதான். எனக்கு இருக்கிறது மொத்தமே ரெண்டு ஏக்கர். சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால் பாசனம். அப்போ நாலு மாசம் சேத்துல கிடந்ததுல பாதியைத் தூக்கி ஒரு டிவிக்குக் குடுக்கணும்.

சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இது பெரிய விஷயமா இருக்காது. ஆஃபர் வந்தா ஒரு விரலால அழுத்துறீங்க, ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துருது. அதைக் குறையாச் சொல்லல. ஆனா பணம் கம்மியா இருந்தா மனுஷன் கொஞ்சம் கூடுதலா யோசிப்பான். மூணு வாரம் இதுக்காக யோசிச்சு, அளந்து, விசாரிச்சதுல எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயம் உங்களுக்கும் பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாயை மிச்சம் பண்ணிக் குடுக்கலாம். அதனாலதான் எழுதுறேன்.

டிவி எனக்காக இல்ல. நான் ராத்திரி எட்டரை மணிக்குச் சாப்பிட்டா ஒன்பதுக்குத் தூங்கிருவேன். எங்கம்மாவுக்கு 78 வயசு. வலது கண்ணுல புரை எடுத்தாச்சு. இடது கண்ணுல அழுத்த நோய் வந்து நரம்பு பழுதாயிருச்சு, இனி அதுல வெளிச்சம் திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வயல் வேலையை விட்டு ஏழெட்டு வருஷம் ஆச்சு. அம்மாவுக்கு இப்போ வெளி உலகம்னா ரெண்டுதான். ஒண்ணு சாயங்காலம் நடையில வந்து உட்கார்ற பொம்பளையாட்கள். இன்னொண்ணு டிவி.

அந்த டிவி 14 இஞ்சு. உங்கள்ல பாதிப் பேருக்கு அது எந்த டிவின்னு இப்பவே தெரிஞ்சிருக்கும். 2006 தேர்தல்ல வாக்குக் குடுத்து, ரேஷன் கார்டுக்கு ஒண்ணுன்னு தமிழ்நாடு பூராவும் ஒன்றரைக் கோடிக்கு மேல குடுத்தாங்களே, அதே இலவச கலர் டிவி. எங்களுக்கு 2008-ல கிடைச்சது. பதினேழு வருஷம் ஓடியிருக்கு. நடுவுல ரெண்டு தடவை சேரன்மாதேவிக்கு சைக்கிள்ல கட்டிக் கொண்டுபோய் ரிப்பேர் பாத்தேன். நிறம் இப்போ கொஞ்சம் பச்சையடிக்கும், நடிகைங்க எல்லாரும் காமாலை வந்த மாதிரி இருப்பாங்க. மத்தபடி அதைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல. இலவசம்னு இளக்காரமா பேசுறவங்க நிறையப் பேர் உண்டு. எங்க தெருவுல முதல் முதலா சொந்த வீட்டுல உட்கார்ந்து டிவி பாத்தவங்கள்ல பாதிப் பேர் அந்தப் பெட்டியாலதான் பாத்தாங்க. அதுக்கு மேல நான் அரசியல் பேசல.

அதுக்கு முந்தி எப்படின்னா, அடுத்த வீட்டு ஜன்னல்தான். மெட்ராஸ்ல தூர்தர்ஷன் 1975-லயே வந்துட்டாலும் எங்க பக்கத்துக்கு அது எட்டல. எங்களுக்கு முதல்ல வந்தது இலங்கை ரூபவாஹினி. 1982-ல அங்க ஆரம்பிச்சாங்க, எங்க ஊர்ல பெரிய வீட்டு மச்சுல தென்னைமர உயரத்துக்குக் குழாய் நட்டு ஆண்டெனா கட்டினாங்க. கடக்கரை ஊர்கள்ல பளிச்சுனு தெரியும்னு சொல்வாங்க. எங்களுக்குக் காத்து நல்லா இருந்தா முகம் தெரியும், இல்லாட்டி மழை பெய்யும். சிங்களம் ஒரு எழுத்துப் புரியாது. ஆனாலும் வாசல்ல நாப்பது பேர் உட்கார்ந்திருப்போம். கறுப்பு வெள்ளைப் பெட்டி, மரக்கதவு வச்சுப் பூட்டுறது. கொடைக்கானல் நிலையம் வந்த பிறகுதான் தமிழ் ஒழுங்கா கேட்டுச்சு. நான் இதைச் சொல்றது எதுக்குன்னா, அந்தப் பெட்டி அதிகம் போனா இருபது இஞ்சு இருந்திருக்கும். நாப்பது பேர், இருபது இஞ்சு, இருபது அடி தூரம். கண்ணு நல்லா இருந்துச்சு, அவ்வளவுதான்.

இப்போ அம்மாவுக்கு அது இல்ல. ஒரு வருஷமாவே அம்மா டிவியைப் பாக்கல, கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்காங்கன்னு எனக்கு ஒருநாள் தெரிஞ்சது. சீரியல்ல யார் யார்னு குரலை வச்சுக் கண்டுபிடிக்கிறாங்க. புதுசா ஒரு ஆள் வந்தா என் மனைவியைக் கூப்பிட்டு, "ஏ தாயி, இவ யாரு?"ன்னு கேக்கறது. செய்தி ஓடும்போது கீழே ஓடுற எழுத்தைப் படிக்கணும்னா எழுந்து போய் டிவிக்கு முன்னாடி முக்காலியைப் போட்டு உட்காருவாங்க. அணை மட்டம் போடுவான் பாருங்க, பாபநாசம் இத்தனை அடி, மணிமுத்தாறு இத்தனை அடின்னு. வயலுக்குப் போகாட்டியும் அம்மாவுக்கு அது தெரியணும். பாபநாசம் 143 அடியில இப்போ எவ்வளவு கிடக்குன்னு தெரியாம அம்மாவுக்குத் தூக்கம் வராது. பேத்தி லீவுக்கு வந்தவ, "ஆச்சி, மறைக்குது, தள்ளி உக்காருங்க"ன்னு சொன்னா. சின்னப் பிள்ளை, விவரம் தெரியாமச் சொன்னது. அம்மா ஒண்ணும் சொல்லாம முக்காலியை எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. அன்னைக்குத்தான் வாங்கிரணும்னு நெனச்சேன்.

எத்தனை இஞ்சுன்னு யார்கிட்ட கேட்டாலும் ஒவ்வொருத்தர் ஒண்ணு சொன்னாங்க. "எவ்வளவு பெருசு முடியுமோ அவ்வளவு பெருசு"ன்னு மகன் சொன்னான். அவன் சென்னையில கம்பெனி வேலை. 55 இஞ்சு வாங்கி அனுப்புறேன், மாசத் தவணைல கட்டிக்கிறேன்னான். "அத்தைக்கு மட்டுமுன்னா 32 போதாதா?"ன்னு என் மனைவி கேட்டா. ரெண்டு பேரும் இஞ்சைத்தான் பேசுறாங்க. அம்மா கண்ணை யாரும் அளக்கல.

நான் அதைத்தான் முதல்ல செஞ்சேன். கொத்தனார் டேப் ஒண்ணு வீட்டுல கிடக்கு. அம்மாவைப் பழைய டிவி முன்னாடி முக்காலியில உட்கார வச்சு, செய்தி சேனல் போட்டு, எழுத்தைச் சத்தமா வாசிக்கச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி இழுத்தேன். ரெண்டு அடி வரைக்கும் வாசிச்சாங்க. ரெண்டரை அடியில தடுமாறுச்சு. மூணு அடியில, "போய்யா, எறும்பு போற மாதிரி இருக்கு"ன்னாங்க. ஆக எங்கம்மா கண்ணுக்குக் கணக்கு, 14 இஞ்சுக்கு ரெண்டு அடி.

இனி மிச்சம் எல்லாம் மூணாங்கிளாஸ் கணக்குதான். பழைய டிவி சதுரத்துக்குக் கிட்ட, திரை உயரம் எட்டரை இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு. புது டிவி எல்லாம் நீளவாக்கு. 32 இஞ்சுன்னு சொல்றது மூலைக்கு மூலை, திரை உயரம் பதினஞ்சே முக்கால்தான் வரும். 43-க்கு உயரம் 21. 55-க்கு 27. உயரம் எத்தனை மடங்கு கூடுதோ, அத்தனை மடங்கு தூரம் தள்ளி உட்காரலாம், எழுத்து கண்ணுக்கு அதே அளவுல தெரியும். அப்படிப் பாத்தா அம்மாவுக்கு 32 இஞ்சுன்னா மூணே முக்கால் அடி. 43-ன்னா அஞ்சு அடி. 55-ன்னா கிட்டத்தட்ட ஆறரை அடி.

எங்க பட்டாசல், அதாவது கூடம், பத்தடிக்குப் பதினாலு அடி. மூணே முக்கால் அடியில அம்மா உட்கார்ந்தா மத்தவங்களுக்கு மறைக்கத்தான் செய்யும், மறுபடி பழைய கதைதான். அஞ்சு அடின்னா தூணுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டுரலாம், யாருக்கும் இடைஞ்சல் இல்ல. ஆறரை அடிக்குப் போனா அம்மா நாற்காலி சரியா அடுக்களைக்குப் போற வழியில வந்து நிக்குது.

இதுதான் நான் முதல்ல சொன்ன விஷயம். 43 இஞ்சுக்கும் 55 இஞ்சுக்கும் நான் பாத்த கடைகள்ல பன்னிரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம். 55 இஞ்சை எட்டடி தூரத்துல இருந்து பாக்கறதும் 43 இஞ்சை ஆறேகால் அடியில இருந்து பாக்கறதும் கண்ணுக்கு ஒண்ணுதான். நாற்காலியை ஒண்ணே முக்கால் அடி முன்னாடி நகர்த்தினா பன்னிரண்டாயிரம் மிச்சம். எனக்கு அது பன்னிரண்டு மூட்டை. உங்க வீட்டுல சோபா சுவரோட சுவரா ஒட்டிக் கிடக்குமே, அதைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுப் பாருங்க. டேப் இல்லாட்டி கையில முழம் போட்டு அளந்தாலும் போதும். கிட்ட உட்கார்ந்தா கண்ணு கெட்டுப்போகும்னு பயப்படாதீங்க. டாக்டர்கிட்ட கேட்டேன், அசதி வரும், தண்ணி வடியும், கண்ணு கெடாதுன்னு சொன்னார்.

சரி, 43-ன்னு முடிவாச்சு. அட்டைப்பெட்டியில 108 செ.மீ.ன்னு போட்டிருப்பான், குழம்பிக்காதீங்க, ரெண்டும் ஒண்ணுதான். 32-க்கு 80, 55-க்கு 139. இன்னொரு நல்ல காலம், 2025 செப்டம்பர் 22-ந் தேதியில இருந்து 32 இஞ்சுக்கு மேல உள்ள டிவிக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 ஆச்சு. வரிக்கு முன்னாடி விலை 20,000-னா, முன்ன 25,600 குடுக்கணும், இப்போ 23,600. ரெண்டாயிரம் குறையணும். விலைப்பட்டியல்ல 40,000-னு போட்டு அடிச்சு, கீழே 25,000-னு எழுதி, "வரி குறைஞ்சதால விலை குறைப்பு"ன்னு போர்டு வச்சிருந்தாங்க ஒரு கடையில. அடிச்ச விலை யார் வச்ச விலை? பில்லுல வரி எவ்வளவுன்னு பாருங்க, அது ஒண்ணுதான் பொய் சொல்லாது.

அடுத்த குழப்பம் இந்த 4கே. எல்லா வாட்சப் குரூப்லயும் இதான் பேச்சு. 43 இஞ்சுல ஃபுல் எச்டின்னு ஒரு வகை, 4கேன்னு ஒரு வகை. திரையில புள்ளி புள்ளியாத்தான் படம் வருது. ஃபுல் எச்டியில 20 லட்சத்துக்கு மேல புள்ளி. 4கேல 83 லட்சம். பெருசு நல்லதுதானேன்னு தோணும். ஆனா எங்க வீட்டுக்கு வர்ற கேபிள் சாதாப் பெட்டி. அதுல வர்ற படத்துல நாலு லட்சம் புள்ளிதான் இருக்கு. நாலு லட்சத்தை எடுத்து 83 லட்சம் இடத்துல பரத்தணும், ஒண்ணுக்கு இருபது. ஒரு ஏக்கர் நடுறதுக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் வேணும். அந்த நாத்தை எடுத்து இருபது ஏக்கர்ல நட்டா என்ன ஆகும்? வயல் பெருசா இருக்கும், பயிர் இருக்காது. டிவி அந்த இடைவெளியைத் தானா ஊகிச்சு நிரப்புது. அதனாலதான் புது டிவி வாங்கின நிறைய வீட்டுல, "பழசுல இதைவிடத் தெளிவா இருந்துச்சே"ன்னு சொல்றாங்க. அது டிவி குத்தமில்ல, வர்ற தண்ணி கலங்கல்.

யூடியூப்ல 4கே படம் பாக்கலாமேன்னு மகன் சொன்னான். பாக்கலாம். எங்களுக்கு நெட் என்பது என் போன்தான். ஒரு நாளைக்கு ரெண்டு ஜிபி. சாதாரண எச்டி படமே மணிக்கு ரெண்டு மூணு ஜிபி குடிச்சிரும். 4கே போட்டா டீக்கடைக்கு நடந்து போறதுக்குள்ள அன்னைக்குக் கணக்கு முடிஞ்சிரும். ஆக, நெட்டு இல்லாத வீட்டுல 4கேக்காக ஒரு ரூபாய் கூடக் குடுக்க வேண்டாம். ஆனா ஒரே விலையில ரெண்டும் கிடைச்சா 4கே எடுத்துக்கோங்க, நாளைக்கு வீட்டுக்கு நெட் வந்தா உதவும்.

எனக்கு இதைவிட முக்கியமாப் பட்டது பக்கவாட்டுப் பார்வை. கடையில டிவிக்கு நேர் எதிர்ல நின்னு பாக்கறோம். வீட்டுல யார் நேர் எதிர்ல உட்கார்றாங்க? அம்மா தூணோரம், என் மனைவி அடுக்களை வாசல்ல கீரை ஆய்ஞ்சுக்கிட்டு, நான் நடையில கட்டில்ல. சில டிவியில நேரா பாத்தா கறுப்பு நல்ல கறுப்பா, அருமையா இருக்கும்; பக்கத்துல போய் நின்னா சாயம்போன வேட்டி மாதிரி வெளுத்துரும். அந்தப் பலகைக்கு விஏன்னு பேர். ஐபிஎஸ்னு இன்னொரு வகை, அதுல கறுப்பு கொஞ்சம் சாம்பலா இருக்கும், ஆனா எந்தப் பக்கம் நின்னாலும் முகம் மாறாது. ராத்திரி விளக்கை அணைச்சுட்டுப் படம் பாக்கற ஆளுக்கு முதல் வகை. கதவைத் திறந்து போட்டு ஊரே வந்து போற வீட்டுக்கு ரெண்டாவது. கடைக்காரருக்கே எது எதுன்னு தெரியல சில இடத்துல. தெரிய வேண்டாம், நீங்களே பக்கத்துல நடந்து போய்ப் பாத்தாப் போதும்.

மகன்கிட்ட 55 வேண்டாம்னு சொன்னது அவ்வளவு லேசா முடியல. "நான் ஆச்சிக்கு வாங்கித் தரக்கூடாதாப்பா?"ன்னு கேட்டான். கேட்டது நியாயம்தான். ஆனா அவனுக்கு ஏற்கெனவே ரெண்டு தவணை ஓடுது, ஒண்ணு வண்டிக்கு, ஒண்ணு போனுக்கு. வட்டியில்லாத் தவணைன்னு சொன்னான். அதே டிவிக்கு ரொக்கமாக் குடுத்தா எவ்வளவுன்னு கேளுன்னேன். கேட்டுச் சொன்னான், ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கம்மி. அப்புறம் தவணைக்குன்னு தனியா ஒரு கட்டணம். "அப்போ வட்டி எங்கடா போச்சு?"ன்னேன். சிரிச்சான். ரெண்டு நாள் போன் பண்ணல. பிறகு அவன் அம்மாகிட்ட கூப்பிட்டு, "டிவி அப்பா வாங்கட்டும், ஸ்டெபிலைசர் நான் வாங்குறேன்"னு சொல்லியிருக்கான். எங்க தெருவுல ராத்திரி ஏழு மணிக்கு எல்லா வீட்டு மோட்டாரும் ஓடும்போது விளக்கு மினுக்கும். அதனால அது தேவையான சாமான்தான். சரின்னேன்.

கடைக்குப் போறப்ப அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போனேன். பத்தமடை வழியா பஸ்ல திருநெல்வேலி. அம்மா டவுனுக்கு வந்தே நாலு வருஷம் ஆச்சு, கடைசியா ஆனித் தேரோட்டத்துக்கு வந்தது. வண்ணார்பேட்டையில பெரிய கடை, கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு சுவர் பூராவும் டிவி. எல்லாத்துலயும் ஒரே படம், அருவி கொட்டுது, கிளி பறக்குது, பூ விரியுது. நம்ம பாபநாசம் அருவியை நேர்ல பாத்தாக்கூட அவ்வளவு நிறமா இருக்காது. அது கடைக்குன்னே எடுத்த படம். அதை வச்சு டிவி வாங்கினா பொண்ணைக் கல்யாண மேடையில மட்டும் பாத்துட்டு முடிவு பண்ற மாதிரி.

"தம்பி, கேபிள் செய்தி சேனல் போடுங்க"ன்னேன்.

"அண்ணாச்சி, இதுல டெமோ பாருங்க, அதுலதான் டிவியோட குவாலிட்டி தெரியும்."

"எங்க வீட்டுல கிளி வராதுப்பா. செய்திதான் வரும்."

நல்ல பையன். சிரிச்சுக்கிட்டே ஒரு பெட்டி எடுத்து மாட்டினான். பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணு போட்டான். நான் மடியில இருந்து டேப்பை எடுத்து டிவியில இருந்து அஞ்சு அடி அளந்தேன். கடைக்கு வந்த ரெண்டு மூணு பேர் நின்னு பாத்தாங்க. அம்மாவுக்குக் கொஞ்சம் கூச்சம். முந்தானையால கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு, கீழே ஓடுற எழுத்தை வாசிக்க ஆரம்பிச்சாங்க. தென் மாவட்டங்கள்ல ரெண்டு நாளைக்குக் கனமழை வாய்ப்புன்னு ஓடுச்சு. முழுசா வாசிச்சாங்க. வாசிச்சுட்டு என்னைப் பாத்து, "ஏய்யா, நாத்தங்காலுக்கு விதை ஊறப் போட்டிருக்கியே, இப்ப பாவாத"ன்னாங்க. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரல. கடைப் பையன்தான், "ஆச்சி நல்லாப் படிக்காவளே"ன்னான்.

அப்புறம் சேனல் மாத்துனதுல அம்மா தினம் கேக்கற சீரியல் மறுஒளிபரப்பு ஓடுச்சு. அம்மா உத்துப் பாத்தாங்க. "இவளா அந்த மாமியாக்காரி? இவ்வளவு சின்னப் பொண்ணா இருக்கா! நான் கெழவின்னுல்லா நெனச்சேன்!"

மூணு டிவியில இந்த மாதிரி உட்கார வச்சுப் பாத்தோம். அதுல ஒண்ணு விலை ரெண்டாயிரம் கம்மி, ஆனா மேலே எரியற டியூப்லைட் அப்படியே திரையில விழுந்தது, எங்க வீட்டு வாசல் வெளிச்சத்துக்குச் சரிப்படாது. இன்னொண்ணு சத்தம் தகரத்துல தட்டுற மாதிரி. இந்த மெல்லிசு டிவி எல்லாத்துக்கும் ஸ்பீக்கர் கீழ் நோக்கி இருக்கு, சத்தம் மேசையில மோதித்தான் நமக்கு வரும். ஃபேன் ஓடும்போது வசனம் புரியுதான்னு பாக்கணும். நான் கடை ஃபேனை அஞ்சுல வைக்கச் சொல்லிக் கேட்டேன். மூணாவதை எடுத்தோம். ஃபுல் எச்டிதான். 23,400 ரூபாய், ரொக்கம். பேர் சொல்லல, விளம்பரம் மாதிரி ஆயிரும்.

ஆன்லைன்ல அதே டிவி ஆயிரத்து ஐந்நூறு கம்மின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கடையில வாங்கினேன். எங்க தெருவுலயே ஒருத்தர் கேள்விப்படாத கம்பெனியில 50 இஞ்சு வரவழைச்சார். எட்டாம் மாசம் பாதித் திரை கறுப்பாச்சு. போன் பண்ணினா ஒரு பொண்ணு இந்தியில பேசுது. ஆள் கடைசி வரை வரல. திரை போச்சுன்னா மாத்துற செலவு புது டிவி விலைக்குப் பக்கத்துல வரும், அதனால திருநெல்வேலியில அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் ஆள் இருக்காரா, சேரன்மாதேவி வரைக்கும் வருவாரா, இது ரெண்டையும் கேட்டுட்டு வாங்குங்க. உத்தரவாதம் திரைக்கும் சேத்தா, எத்தனை வருஷம்னு பில்லுலயே எழுதி வாங்கணும்.

வீட்டுக்குக் கொண்டு வந்து மாட்டுறதுல ஒரு சங்கதி. எங்க வீடு அப்பா காலத்துச் சுண்ணாம்புச் சுவர். மாட்ட வந்த பையன் துளை போட்டதும் பொலபொலன்னு மண்ணு கொட்டுச்சு. ஆணி பிடிக்காது, மேசையிலயே வச்சிருங்கன்னுட்டான். புது டிவிக்குக் கால் ரெண்டும் ரெண்டு ஓரத்துல இருக்கு, அதனால மேசை கிட்டத்தட்ட டிவி நீளத்துக்கு வேணும். நான் அதை முன்னாடியே அளந்து, பழைய விதை நெல் பத்தாயத்தோட பலகையில தச்சர்கிட்ட ஒரு மேசை அடிச்சு வச்சிருந்தேன், மூணேகால் அடி. வாங்குற முன்னாடி சுவரையும் மேசையையும் பாருங்க. பிறகு அதுக்குத் தனியா மூவாயிரம் அழ வேண்டியிருக்காது.

கரண்டுக்குப் பயந்தவங்களுக்கு ஒரு வார்த்தை. 43 இஞ்சு ஏறக்குறைய 80 வாட் இழுக்கும். நாளைக்கு அஞ்சு மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 24 யூனிட். வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்குல்ல, எங்க வீட்டுல ஃபேனும் விளக்கும் மிக்ஸியும் சேத்து அதைத் தாண்டாமப் பாத்துக்கிறோம். 55 வாங்கியிருந்தா நாப்பது யூனிட் பக்கம் அதுவே தின்னுருக்கும்.

ஐப்பசி மழை இந்தத் தடவை இடியோடதான் ஆரம்பிச்சது. வானம் கறுத்தா ஸ்டெபிலைசரை அணைச்சா மட்டும் பத்தாது, கேபிள் வயரையும் பின்னாடி கழட்டிப் போடணும், மின்னல் அது வழியாவும் வரும். இப்போ அந்த வேலை அம்மாவோடது. முதல் இடி கேட்டதும் எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கிருவாங்க. சீரியல்ல எந்தக் கட்டம் ஓடினாலும் சரி.

பழைய டிவியைக் கழிச்சுப் போட அம்மா விடல. ஓடுறதை எதுக்குத் தூக்கிப் போடணும்கிறாங்க. பாத்தாயம் இருந்த மூலையில சாக்கு போட்டு மூடி வச்சிருக்கு. பழைய இரும்புக்காரர் நூறு ரூபாய்க்குக் கேட்டார். அந்தக் கண்ணாடியில ஈயம் இருக்கு, உடைச்சு ஆத்தோரம் போட்டுருவாங்கன்னு எனக்கும் குடுக்க மனசில்ல.

கேபிள்காரத் தம்பி நேத்து வந்து, "பெரிய டிவி வாங்கிட்டீங்க, எச்டி பெட்டி போட்டுருங்க சித்தப்பா, இன்னும் தெளிவா இருக்கும்"னான். பெட்டிக்குத் தனிக் காசு, மாச வாடகையும் கூடும். அவன் சொல்றது சரிதான், நாலு லட்சம் இருபது லட்சமா ஆகும். பிசானம் நட்டு முடிக்கட்டும், பாப்போம்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.